முட்டைக்கு நாள்காட்டி தெரியாது: நோத்தோ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு ஃபோன். மீன் வளர்ப்பில் புதிதாக இறங்கியிருக்கும் ஒரு தம்பி.

"அண்ணே, தண்ணி ஊத்திட்டேன்."

"எதுக்கு ஊத்தின?"

"தொண்ணூறு நாள் முடிஞ்சிருச்சுண்ணே. கவர்ல மூணு மாசம்னுதான் போட்டிருந்தது."

"முட்டையைப் பாத்தியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "குஞ்சு பொரிஞ்சிருச்சுண்ணே. ஆனா எல்லாம் தரையிலேயே கிடக்கு. மேல வரமாட்டேங்குது" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஃபோனை நானும் ஒருவருக்குச் செய்திருக்கிறேன், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நோத்தோ என்ற மீனின் முட்டை ஈரத் தூளில் பொதிந்து கவரில் வரும்; மாதக்கணக்கில் வைத்திருந்து தண்ணீர் ஊற்றினால்தான் பொரியும். குளோரின் தண்ணீர், அளவுக்கு மீறிய தீனி, ஃபில்டர் கழுவுவது போன்ற சங்கதிகளை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நோத்தோவுக்கென்றே இருக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மீன் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் நோத்தோபிராங்கியஸ் ஃபர்ஸெரி. வளர்ப்பவர்கள் வாயில் 'நோத்தோ'. கில்லி மீன் குடும்பம். கில்லி என்றதும் நம் ஊர்க் கில்லியும் வேண்டாம், கொலைகார மீன் என்ற கற்பனையும் வேண்டாம்; டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை. 1960களின் கடைசியில் ரிச்சர்ட் ஃபர்ஸர் என்பவர் ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையில், கோனரேஜோ காட்டுப் பகுதிக் குட்டையில் பிடித்தார். 1971-இல் ஜப் என்ற மீனியலாளர் அதை விவரித்து, பிடித்தவர் பெயரையே வைத்தார். அங்கிருந்து கிழக்கே, மொசாம்பிக்கின் தெற்குப் பகுதி வரை இதன் வீடு. ஆற்றிலோ ஏரியிலோ தேடினால் கிடைக்காது. மழை பெய்தால் நிறைந்து, வருஷத்தில் பாதிக்கு மேல் கட்டாந்தரையாகக் கிடக்கும் குட்டைகள்தான் இதற்கு உலகம். ஆணுக்கு நீலமும் பச்சையும் கலந்த உடம்பு, செதிலுக்குச் செதில் செங்கரை, வாலில் மஞ்சளோ சிவப்போ. பெண்ணுக்குச் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

குட்டையில் தண்ணீர் இருக்கும் சில வாரங்களுக்குள் பிறந்து, வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிட வேண்டும். காட்டில் 14 நாளிலேயே முட்டையிடத் தயாரான மீன்களைப் பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்புள்ள பிராணிகளில் இவ்வளவு அவசரக்காரர் வேறு யாரும் இல்லை. கோனரேஜோவிலிருந்து வந்த பரம்பரை ஆய்வுக்கூடத்தில் மூன்று நான்கு மாதங்களில் கிழடாகிச் செத்துப்போகிறது. முதுமையை ஆராய்கிறவர்களுக்கு இந்த மீன் செல்லப்பிள்ளை ஆனது அதனால்தான். 2015-இல் இதன் மரபணுத்தொகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

மீன் மண்ணுக்குள் தூங்குகிறது என்று நினைப்பது

புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அது நுரையீரல் மீன், வேறு ஜாதி. மொசாம்பிக்கில் அதே குட்டைகளில் அதுவும் இருக்கிறது, குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். சேற்றுக்குள் புகுந்து, காற்றை மூச்சிழுத்துக்கொண்டு கோடையைக் கடத்துவது நுரையீரல் மீன். நோத்தோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தண்ணீர் வற்றும் நாளில் பெரிய மீன் அத்தனையும் செத்துவிடும், ஒன்றுகூட மிஞ்சாது. மண்ணுக்குள் இருப்பது முட்டை மட்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், பொறுப்பு முழுக்க முட்டை மேல் இருக்கிறது. ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண் மேல் போர்வை மாதிரி மடித்துப் போட்டு, இரண்டும் சேறோடு ஒட்டி, உடம்பை வளைத்து ஒரு உதறு உதறும். ஒரு உதறலுக்கு ஒரு முட்டை. இப்படி நாளெல்லாம் உதறி, ஒரு பெண் தினமும் 20 முதல் 50 முட்டை வரை சேற்றில் புதைக்கும். தொட்டியில் பீட் மாஸ் (மட்கிய பாசித் தூள்) போட்ட ஒரு டப்பாவை வைத்தால் போதும், அதற்குள் போய் அதே காரியத்தைச் செய்யும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள், தூள் மெல்லப் புகைந்து எழுவது தெரியும்.

முட்டையை முறுகக் காயவைப்பது

'காய்ந்த குட்டை' என்று படித்துவிட்டு பீட்டை மொட்டைமாடி வெயிலில் பரப்பியவரை எனக்குத் தெரியும். அந்தக் குட்டைகளின் அடியில் இருப்பது நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கருங்களிமண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் அந்த ரகம்தான். மண்ணியலில் இரண்டுக்கும் வெர்ட்டிசால் என்று ஒரே பெயர். கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும், ஒரு சாண் தோண்டினால் விரலில் ஈரம் ஒட்டும். முட்டைக்கு வேண்டியது அந்த ஈரம்.

பதம் சொல்ல நம்மிடம் நல்ல வார்த்தை இருக்கிறது: புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். டப்பாவில் இருக்கும் பீட்டை வலையில் வடிகட்டி, கையால் பிழிந்து, செய்தித்தாள் மேல் நிழலில் ஒரு நாள் பரப்பி வையுங்கள். அந்தப் பதம் வந்ததும் ஜிப்லாக் கவரில் போட்டு மூடிவிடுங்கள்.

தோட்டக்கடைக் கோகோ பீட்

பீட் மாஸுக்குப் பதில் இதைப் போடுவதானால், உரம் கலந்தது என்றால் தொடாதீர்கள். கலக்காததையும் மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, உப்பும் சாயமும் இறங்கிய பிறகே போடுங்கள்.

கவரில் எழுதிய தேதியை நம்பித் தண்ணீர் ஊற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். விற்கிறவர் கவரில் 'மூன்று மாதம்' என்று எழுதிவிடுகிறார். வாங்கியவர் நாள்காட்டியில் வட்டம் போட்டு, கல்யாண முகூர்த்தம் மாதிரி அந்தத் தேதிக்குக் காத்திருக்கிறார். அன்று காலையில் குளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாத குறை.

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் கவரில் 50 முட்டை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது, அன்றைய என் சம்பளத்துக்கு அது கொழுத்த செலவு. ஃபிரிட்ஜுக்கு மேலே, கதகதப்பாக இருக்கட்டும் என்று வைத்தேன். "இந்தத் தூளுக்கா இவ்வளவு நாள் இங்க இடம்?" என்று அம்மா தினமும் கேட்பார். எண்பது நாள் பொறுத்தேன். அக்டோபர் மாதம், ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவிலும் மழைக்குத்தானே பொரிக்கிறது, இதுதான் நேரம் என்று எனக்கு ஒரு கவித்துவம். பிடித்து வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றினேன்.

மறுநாள் காலை ஒன்பது குஞ்சு. அதில் ஏழு தரையோடு தரையாக, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இழுத்து இழுத்து நகர்ந்தன. மூன்று நாளில் ஆறு செத்துப்போயின. மிச்சத் தூளை வடிகட்டி அம்மாவின் மல்லிகைத் தொட்டியில் கொட்டிவிட்டு, இந்தத் துறையில் மூத்த ஒருவருக்கு ஃபோன் செய்து புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தூளை எங்க போட்டீங்க?"

"மல்லிகைக்குப் போட்டுட்டேன் சார்."

"அதுல நாப்பது மீன் இருந்துச்சே!"

ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா தினமும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றியிருந்தார். அரை மணி நேரம் கிளறியதில் இரண்டு முட்டை அகப்பட்டன. இரண்டிலும் பஞ்சு மாதிரிப் பூஞ்சை.

நான் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அந்தக் குட்டைக்கே போக வேண்டும். அங்கே மழைக்காலம் ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. ஆனால் முதல் மழையை நம்ப முடியாது. ஒரு பெரு மழை பெய்து குட்டை நிறையும். அப்புறம் வானம் வெளுத்துவிடும். பத்து நாளில் குட்டை மறுபடி சேறாகும். அந்த முதல் மழைக்கே எல்லா முட்டையும் பொரித்திருந்தால், ஒன்றுகூட முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. அந்தக் குட்டையில் இந்த மீனின் வம்சம் அன்றோடு முடிந்தது. இத்தனை காலமாக இது தப்பித்து வந்திருப்பதற்குக் காரணம், ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒன்று இந்த மழைக்குப் பொரிக்கும், ஒன்று அடுத்த மழைக்கு, இன்னொன்று அடுத்த வருஷம்.

முட்டைக்குள் இதை எப்படிச் செய்கிறது? கருவின் வளர்ச்சியை ஒரு பாசஞ்சர் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் நிற்கலாம். 1972-இல் ஜான் வூர்ம்ஸ் என்ற உயிரியலாளர் தென் அமெரிக்காவின் இதே மாதிரியான ஒரு மீனில் இந்த மூன்று நிறுத்தங்களையும் விவரித்தார். ஆப்பிரிக்க நோத்தோவிலும் அதே கதைதான்.

முதல் நிறுத்தத்தில் கரு என்று ஒன்று உருவமாகவே இருக்காது. செல்கள் தனித்தனியாக, மஞ்சள் கருவின் மேல் இறைத்துவிட்ட மாதிரிக் கிடக்கும். சேறு நீரில் மூழ்கி, காற்றில்லாமல் இருக்கும்வரை முட்டை இங்கேயே நிற்கும். குட்டை வற்றி, மண் வெடித்து, காற்று உள்ளே போனதும் செல்கள் ஒன்றுகூடி வண்டி கிளம்பும்.

இரண்டாவது நிறுத்தத்தில் முதுகெலும்பின் கணுக்கள் வரிசையாகத் தெரியும், இதயம் ஒரு சின்னக் குழாயாக இருக்கும், மற்ற உறுப்புகள் இன்னும் முழுசாக உருவாகியிருக்காது. பெரிய காத்திருப்பு இங்கேதான், மாதக்கணக்கில். மூன்றாவதில் மீன் முழுசாகத் தயார்; ஓட்டுக்குள் சுருண்டு, தண்ணீருக்காகக் காத்திருக்கும்.

நம் கவருக்குள் நடக்கும் வேடிக்கை இந்த இரண்டாவது நிறுத்தத்தில்தான் இருக்கிறது. சில முட்டைகள் அங்கே நிற்காமலே எக்ஸ்பிரஸ் மாதிரிப் போய்விடும். சில இறங்கி, படுக்கை விரித்துத் தூங்கும். வெப்பம் அதிகமானால் நிற்காமல் போகிறவை அதிகம், குளிர்ந்தால் தூங்குகிறவை அதிகம். ஆக, கவரில் எழுதிய 'மூன்று மாதம்' என்பது அதை எழுதியவர் வீட்டு அறையின் பருவநிலை. அவர் அறை 23 டிகிரி, என் ஃபிரிட்ஜ் மேல் 31 டிகிரி என்றால், அவர் கணக்கு எனக்கு எதற்கு? அதே கவரை ஊட்டியில் ஒருவர் வைத்திருந்தால் அவருக்கு மூன்றாவது கணக்கு.

அப்படியென்றால் எப்போது ஊற்றுவது? முட்டையைப் பார்த்து ஊற்றுவது. இதற்கு நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஒரு சிட்டிகை தூளை வெள்ளைத் தட்டில் உதிர்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டை கேழ்வரகு அளவுகூட இருக்காது, சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆனால் ஓடு கெட்டி; மெல்ல விரலில் உருட்டலாம், உடையாது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் செத்தது, எடுத்துப் போட்டுவிடுங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் முதல் அல்லது இரண்டாவது நிறுத்தம். இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் கண் வந்துவிட்டது.

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். கண் தெரிந்ததும் மீன் தயார் என்று அர்த்தமில்லை. இன்னும் சில நாள் கழித்து அந்தக் கரும்புள்ளியைச் சுற்றி ஒரு தங்க வளையம் வரும். மூக்குத்திக் கல்லைச் சுற்றிய கட்டு மாதிரி, டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்தால்தான் ஊற்ற வேண்டும். பத்து முட்டை பார்த்து அதில் ஆறேழுக்கு வளையம் வந்திருந்தால் நாள் குறிக்கலாம்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும், 18 முதல் 20 டிகிரி. பிடித்து வைத்த தண்ணீரில் கொஞ்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கலந்தால் அந்தச் சூடு வந்துவிடும். தட்டையான டப்பாவில் தூளைக் கொட்டி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். தயாரான முட்டை சில மணி நேரத்திலேயே பொரியும். குஞ்சு மேலே வந்து நீந்தத் தொடங்கிய அன்றே ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் குஞ்சைத் தீனியாகக் கொடுக்க வேண்டும். அதை முதல் நாளே பொரிக்கப் போட்டிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தரையில் வயிற்றைத் தேய்க்கும் குஞ்சுகளுக்கு வளர்ப்பவர்கள் வைத்த பெயர் பெல்லி ஸ்லைடர். காற்றுப் பையில் காற்று நிரம்பாததால் அதனால் எழும்ப முடிவதில்லை. முன்கூட்டியே நனைத்தால் இவை அதிகம் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொம்பத் தாமதித்தாலும் வரும். மூன்றாவது நிறுத்தத்தில் காத்திருக்கும் குஞ்சு தன் மஞ்சள் கருவையே தின்று கரைத்துக்கொண்டு இருக்கிறது, பலமில்லாமல் வெளியே வரும். பெல்லி ஸ்லைடரைத் தேற்ற ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். எனக்கு ஒன்றுகூடப் பலித்ததில்லை.

கடைசியாக, இந்தத் தவறின் இரண்டாவது பாதி. தூளைக் கொட்டுவது. ஒரு தடவை நனைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர் மேலே சொன்ன ரயில் கதையைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்துக் குஞ்சுகளை ஒரு கரண்டியால் மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தூளை மறுபடி வடித்து, பிழிந்து, அதே புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து கவரில் போடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து லென்ஸை எடுங்கள். இரண்டாவது நனைப்பில் முதல் தடவையைவிட அதிகம் வந்த கவர்கள் எனக்கு உண்டு. நான்காவது நனைப்பு வரை போயிருக்கிறேன்.

அந்தத் தம்பிக்கும் பதின்மூன்றில் நான்குதான் நீந்தியது. "தூளைத் தூக்கிப் போட்டியா?" என்று பதற்றமாகக் கேட்டேன். போடவில்லை, சோம்பேறித்தனத்தால் டப்பாவிலேயே வைத்திருந்தான். சில சமயம் சோம்பேறித்தனமும் நல்லதுதான். போன வாரம் லென்ஸை மொபைல் கேமராவில் ஒட்டவைத்து ஒரு படம் அனுப்பினான். மங்கலான படம்தான், ஆனால் வளையம் தெரிந்தது.

அழகான பெரிய ஆணாகப் பார்த்து வாங்குவது

நிறம் முழுதாக ஏறிய ஆண் என்றால் அதன் வாழ்க்கையில் பாதி முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரத்தில் முதுகு வளைந்து, நிறம் மங்கி, மெலிந்து செத்துப்போகும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் ஏமாற்றவில்லை. நிறம் அப்போதுதான் எட்டிப்பார்க்கும் குஞ்சுகளாக வாங்குங்கள், இல்லாவிட்டால் முட்டையாக வாங்குங்கள்.

தொட்டிக்கு ஹீட்டர் போடுவது

ஆப்பிரிக்கா என்றாலே கொதிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 22-க்கு இறக்கியதும் இதே மீனின் ஆயுள் நீண்டது. நம் ஊர் மே மாதத்துக்கு ஹீட்டர் வேறு வேண்டுமா? சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிடுங்கள்.

ஒரு ஆண், ஒரு பெண்

வேண்டாம். ஆண் விடாமல் துரத்தும். ஒன்றுக்கு மூன்று பெண்.

உப்பு போடப் பயப்படுவது

வெல்வெட் நோய் (உடம்பில் பொன்தூள் அப்பின மாதிரி ஒட்டுண்ணி படர்வது) நோத்தோவைத் தேடி வரும். பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு. முடிந்தது.

கவரில் பெயர் எழுதாமல் விடுவது

"ஞாபகம் இருக்கும்" என்று நானும் சொன்னவன்தான். காட்டில் ஃபர்ஸெரி இருக்கும் குட்டையிலேயே ஆர்த்தோநோட்டஸ் என்ற அண்ணன்காரரும் இருப்பார். ஆண்களைப் பார்த்ததும் பிரித்துவிடலாம். பெண் மீன்கள் எல்லாம் ஒரே சாம்பல் சேலை. இரண்டு ஜாதிகளை வைத்திருந்த ஒரு வருஷம், பெண்களைத் தொட்டி மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு மாதம் முட்டை சேர்த்தேன். சேர்த்த அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று.

ஜாதி ஒன்றாகவே இருந்தாலும் ஊர் முக்கியம். ஃபர்ஸெரியிலேயே கோனரேஜோ பரம்பரையில் ஆணுக்கு மஞ்சள் வால், ஆயுள் குறைச்சல். மொசாம்பிக்கிலிருந்து 2004-இல் கொண்டுவந்த பரம்பரை அதைவிட அதிக நாள் வாழும். நாடு, வருஷம், பிடித்த இடத்தின் எண் சேர்ந்த ஒரு குறியீடு மீனோடு கூடவே வரும். அது இனிஷியல் மாதிரி. ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. கவர் மேல் ஜாதி, குறியீடு, பீட் எடுத்த தேதி, வைத்திருந்த இடத்தின் வெப்பம், இந்த நான்கையும் மார்க்கரால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் ஓடிவிடும்.

மிச்ச மீனைக் குளத்தில் விடுவது

கூடாது. மொசாம்பிக் பக்கத்து மீன் ஒன்றை 1952-இல் ஏற்கெனவே இந்தியாவுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஜிலேபிக் கெண்டை என்று நம் ஊர்க் கண்மாய்களில் வலை போட்டுப் பாருங்கள்.